நாற்பத்தாறாம் பல்

என் கிளினிக்கில் நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதிலிருந்து பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் முதல் மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் படிக்கட்டு முழுவதும் தெரியும். வெளிச்சத்துக்காக வைத்த ஜன்னல்தான். ஆனால் ஏழு வருடமாக நான் அதை வேறு காரியத்துக்குத்தான் பயன்படுத்தி வருகிறேன். யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள், இறங்குகிறவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு.

அந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறவள் என்னோடு பல் மருத்துவம் படித்தவள். ஒரே வகுப்பு, ஒரே விடுதி, மூன்று வருடம் ஒரே அறை. நான் முழு மாதமும் படித்து எழுதிய பரீட்சையை அவள் மூன்று நாள் படித்து எழுதி என்னைவிட இருபது மதிப்பெண் கூடுதலாக வாங்குவாள். வாங்கிவிட்டு என் விடைத்தாளைப் பார்த்து வருத்தப்படவும் செய்வாள். எனக்கு அந்த வருத்தம்தான் பிடிக்காது.

நான் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்தவள். ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்து, தென் மாவட்டத்துப் பையன்கள் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்த காலத்திலேயே இங்கே கிளினிக் வைத்துவிட்டேன். அவள் கல்யாணமாகி எங்கெங்கோ இருந்துவிட்டு, ஒருநாள் போன் செய்தாள். "நீ இருக்கிற ஊர்னா எனக்குத் தைரியமா இருக்கும்டி" என்றாள். "வாடி, வாடி" என்றேன். ஊரில் அவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. கம்பெனிப் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, என் ஜன்னலுக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்தாள். டிஜிட்டல் எக்ஸ்ரே, குளிர்சாதனம், காத்திருக்கிறவர்களுக்கு டிவி. ஆறே மாதத்தில் நான்கைந்து தொழிற்சாலைகள் அவளோடு ஒப்பந்தம் போட்டன. நிரந்தரத் தொழிலாளிகள் தங்கள் கம்பெனி கார்டைக் காட்டினால் அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். அதே ஒப்பந்தத்துக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். பதில்கூட வரவில்லை.

என்னிடம் வேலை செய்யும் அம்மா பென்னலூர்க்காரி. கையுறையை உதறி மாட்டிக்கொண்டே என்னைக் கிண்டல் செய்வாள்.

"இன்னா டாக்டர், மறுபடியும் அந்த வூட்டுப் படிய எண்ணிகினு கீறீங்களா? நேத்தும் அத்தினி படிதான் இருந்துச்சு."

நான் அவளை முறைப்பேன். படியை எண்ணியது உண்மைதான். பதினான்கு.

அந்தப் பையன் ஒரு மழை நாளில் என்னிடம் வந்தான். பையன் என்கிறேன், இருபத்திரண்டு வயது. தெற்கே கடலோரத்துக்காரன். ஒரகடத்தில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர்களுக்குக் கார்டு கிடையாது. அதனால்தான் என்னிடம் வந்தான் என்று எனக்குத் தெரியும். கீழே வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல். எங்கள் கணக்கில் அதற்கு எண் நாற்பத்தாறு. முப்பத்திரண்டு பல்லில் நாற்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். வாயை நான்காகப் பிரித்து, நான்காவது பகுதியில் ஆறாவது பல் என்று அர்த்தம். சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது.

பதிவேட்டை எடுத்துப் பெயர் கேட்டேன். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு நொடி யோசித்தான்.

"டாக்டர், என் சொந்தப் பேரையே எழுதலாம்லா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரன் பேரையா எழுதுறது?"

வலியிலும் சிரித்தான். நான் எழுதியதை எட்டிப் பார்த்து, எழுத்து தப்பு என்று சொல்லி, பேனாவை வாங்கித் தானே எழுதினான். முன்னெழுத்து, பெயர், ஊர், தாலுகா, தபால் அலுவலகம். பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. அவன் போன் நம்பர் அடிக்கடி மாறும் என்று அக்காவின் நம்பரைப் போட்டான். பல் வலிக்கு வந்தவன் இவ்வளவு எழுதுகிறானே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நரம்பை எடுக்க ஃபைல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான எஃகுக் கம்பி. அதை வேருக்குள் விட்டுத் திருகித் திருகிச் சுத்தம் செய்ய வேண்டும். பழசாகிப்போன கம்பியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அன்றைக்கு நான் போடவில்லை. இன்னும் ஒருவருக்கு வரும் என்று நினைத்தேன். அதுவுமில்லாமல் என் கண் பாதி நேரம் ஜன்னலில் இருந்தது. எதிரே ஒரு கம்பெனிப் பஸ் நின்று, ஒரு கூட்டமே படியேறிக்கொண்டிருந்தது. வளைந்த வேருக்குள் கம்பி சிக்கியதை விரல் உணர்வதற்குள் அது உடைந்துவிட்டது. நுனி உள்ளேயே தங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். என்னுடையது பழைய முறை. கட்டைவிரல் நகம் போலச் சின்ன ஃபிலிம், மருந்தில் கழுவிக் காய வைக்க வேண்டும். வேரின் பாதிக்குக் கீழே வெள்ளைக் கோடாகக் கம்பி தெளிவாகத் தெரிந்தது. இப்படி நடப்பது உலகத்தில் இல்லாதது இல்லை. ஆனால் நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவன் அறைக்குப் போய்ச் சொல்வான், அறையில் இருக்கிற ஆறு பேரும் எதிர்ப் படியில் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"எல்லாம் சரியாப் போச்சு தம்பி. அடுத்த வாரம் வா" என்றேன்.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். ஃபிலிமை ஓர் உறையில் போட்டு, அவன் பெயர் எழுதி, மேசையின் அடி இழுப்பறையில் தள்ளினேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஜன்னலில் பார்த்தேன். கன்னம் வீங்கி, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பதினான்கு படியையும் ஏறினான். கதவுக்கு முன்னால் ஒரு தடவை நின்று என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பல்லைக் காட்டினால் கும்பிடு, வலித்தால் அவளா என்று அவனை மனதுக்குள் திட்டினேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் உள்வாங்கியபோது, கரையோரச் சீமைக்கருவேல முள்ளுக்குள் ஆடு மேய்த்தவர்கள் எலும்புகளைப் பார்த்தார்கள். போலீசார் எடுத்துப் போய் அரசு மருத்துவக் கல்லூரியின் தடயவியல் துறையில் ஒப்படைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பல் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இடுப்பெலும்பை வைத்து ஆண் என்றும், ஞானப்பல்லின் வேர் நுனி அப்போதுதான் மூடியிருந்ததால் இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயது என்றும், தொடையெலும்பை அளந்து ஐந்தரை அடிக்குப் பக்கத்தில் உயரம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு காலில் கம்பெனிகளில் போடும் பாதுகாப்பு ஷூ. எங்கள் பக்கம் பஸ்ஸுக்கு நாற்பது பேர் காலில் அது இருக்கும். கூடவே கீழ்த்தாடையின் எக்ஸ்ரே. வைத்தியம் பார்த்தவர்கள் யாராவது அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

நான் படத்தைத் திறப்பதற்குள் அவள் பதில் போட்டுவிட்டாள். நாற்பத்தாறாம் பல்லின் மேல் உறையாக மாட்டியிருக்கும் கேப் அவள் போட்டதாம். கம்ப்யூட்டரில் தேடி, ஒரே மத்தியானத்தில் தன் எக்ஸ்ரேயை எடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டாள். குழு முழுவதும் கைதட்டல். மூத்த டாக்டர்கள் எல்லாம் "சபாஷ்" போட்டார்கள். வயிறு எரிந்தது என்று எழுதினால் போதாது. செத்தவன் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. எலும்புகூட அவளைத்தான் தேடிப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கினேன். கேப்புக்குக் கீழே, முன் வேரில், வெள்ளைக் கோடு.

என் கம்பி. அதன் பக்கவாட்டில் நூல் போல ஒரு வழி கண்டுபிடித்து அவள் வேரை நுனி வரை அடைத்திருந்தாள். அந்த வேலையை நூறு தடவை முயன்றாலும் என்னால் செய்ய முடியாது. அந்த நேரத்திலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் கைநேர்த்தியைத்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டு நாளில் அவள் மூக்கு உடைந்தது. அவள் கொடுத்த பெயருக்குரியவனைப் போலீசார் கூப்பிட்டார்கள். அவன் போனை எடுத்தான். உயிரோடு இருந்தான். ஒரகடத்தில் நிரந்தர வேலை, வாயில் எல்லாப் பல்லும் ஒழுங்காக. அந்த ஆஸ்பத்திரிக்கு நான் போனதே இல்லை என்று சாதித்தான். எலும்பும் எக்ஸ்ரேயும் பொருந்துகின்றன, பெயர் மட்டும் பொருந்தவில்லை. "பதிவுகளைக் கவனமாக வைக்க வேண்டும்" என்று ஒரு மூத்த டாக்டர் குழுவில் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அன்று பென்னலூர் அம்மாவுக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. சொந்தப் பேரையே எழுதலாம்லா?

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு அறையில் ஒருவனுக்கு நிரந்தர வேலை இருந்தால், அவன் கார்டில் அறையே வைத்தியம் பார்த்துக்கொள்ளும். காய்ச்சலுக்கு, வயிற்று வலிக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். வீங்கின கன்னத்தையும் கார்டில் இருக்கும் படத்தையும் எந்த ரிசப்ஷன் பெண் ஒப்பிட்டுப் பார்ப்பாள்? அவளிடம் பழுதில்லாத வைத்தியமும் பொய்ப் பெயரும் இருந்தன. என்னிடம் பழுதான வைத்தியமும் உண்மைப் பெயரும் இருந்தன. பெயரைக் கொடுக்க வேண்டுமானால் ஃபிலிமையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நான் ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் போலீஸ் எஸ்.ஐ. ஒவ்வொரு கிளினிக்காகக் கேட்டுக்கொண்டு என்னிடமும் வந்தார். நோட்டுப் புத்தகத்தை நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டு, சலிப்போடு பேசினார்.

"டி.என்.ஏ. எடுத்து வெச்சிருக்கோம் மேடம். ஆனா யாரோட மேட்ச் பண்றது? ஒரு குடும்பம் வேணும். குடும்பத்த கண்டுபிடிக்க பேர் வேணும். கான்ட்ராக்ட் கம்பெனில கேட்டா, வராதவன் எல்லாரையும் ஓடிட்டான்னு எழுதி வெச்சிருக்காங்க. ஆள் காணோம்னு புகார் குடுத்துத் தேடுறதுக்கு இங்க யாரு இருக்கா? பேர் தெரியலேன்னா நம்பர் போட்டு அடக்கம் பண்ணிடுவோம்."

"பாத்துச் சொல்றேன் சார்" என்றேன். இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பதிவேட்டை எடுத்தேன். ஒருவேளை அவன் ஊரில் சௌக்கியமாக இருக்கலாம், இது வேறு யாரோவாக இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு கதை கட்டினேன். கட்டியதற்கு ஆதாரம் தேடி அக்காவின் நம்பரை அழுத்தினேன். ஒரே மணியில் எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை.

"தம்பியா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏலே, தம்பியா? பேசுல. எங்கல இருக்க? நான் ஒண்ணும் ஏச மாட்டேன்ல, பேசு."

போனை வைத்துவிட்டேன். தெரியாத நம்பர் எது வந்தாலும் அவள் இப்படித்தான் எடுக்கிறாள் என்பது புரிந்தது. உடனே திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பென்னலூர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனைப் பார்த்தாள்.

"யாரோ பாவம், அடிச்சிகினே கீறாங்க. எடுங்க டாக்டர்."

எடுக்கவில்லை. ஃபிலிம் உறையையும் பதிவேட்டையும் பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.

மறுநாள் தடயவியல் துறைக்கு வரச் சொன்னார்கள். அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்த மருத்துவர் வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஒரு தட்டில் துணி விரித்துத் தாடையெலும்பை வைத்திருந்தார். நான் எந்தக் கோணத்தில் எடுத்திருந்தேனோ அதே கோணத்தில் தாடையைத் திருப்பிப் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தார். வெளிச்சப் பலகையில் என் ஃபிலிம், அவளுடைய படம், அவருடைய படம் மூன்றையும் வரிசையாக வைத்தார். வேரின் வளைவு ஒன்று. பக்கத்துப் பல்லில் இருந்த வேர்க்கால்வாயின் அகலம் ஒன்று. உடைந்த கம்பியின் நீளம், சாய்வு, நுனியின் சின்ன வளைவு எல்லாம் ஒன்று.

"வேர்கூட ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்கலாம். உடைஞ்ச கம்பி ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி உடையாது" என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது யார் கையில உடைஞ்சது?"

"என் கையில" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு அவளுடைய பதிவை எடுத்து வரிவரியாகப் படித்தார். முன்பு செய்த வைத்தியத்தில் உடைந்த கம்பி இருக்கிறது. நோயாளிக்கு விளக்கப்பட்டது. இது எந்த டாக்டருக்கும் நடக்கக் கூடியது, முதலில் பார்த்தவர் மீது குறையில்லை என்று சொல்லப்பட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன். "நான்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்டி. கதவுக்கு வெளியே நின்னு உன் ஜன்னலைக் காட்டினான். அங்கதான் முதல்ல பாத்தேன், அந்த டாக்டர் நல்லவங்க, ஆனா வலி போகலன்னான்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ ஜன்னல்ல நிக்கறது எனக்குத் தெரியும்டி. எப்பவுமே தெரியும்."

என் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், அந்தக் கம்பியைப் பற்றி ஒரகடம் வரை தெரிந்திருக்கும். அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பரீட்சை, படிக்கட்டு, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் பட்ட பொறாமையை அன்று அந்த ஒன்றுக்கு மொத்தமாகப் பட்டேன்.

என் பதிவேட்டைக் காட்டியதும் கார்டுக்காரன் அழுதுவிட்டானாம். "கார்டு குடுத்தது தெரிஞ்சா வேலை போயிரும்னு பயந்துட்டேன் சார். அவன் ஊருக்குப் போயிட்டான்னுதான் நெனச்சோம்" என்றானாம். அறையில் இருந்தவர்கள் பையன் ஊருக்குப் போய்விட்டான் என்று நினைத்தார்கள். ஊரில் இருந்தவர்கள் அவன் அறையில் இருக்கிறான், கோபத்தில் பேசவில்லை என்று நினைத்தார்கள். அக்கா மட்டும் நம்பாமல் அங்கே புகார் கொடுத்திருந்தாள். அவள் இரத்தத்தை எடுத்து எலும்போடு ஒப்பிட்டு உறுதி செய்ய ஆறேழு வாரம் ஆனது. ஏரியில் எப்படி விழுந்தான் என்று எலும்பு எதுவும் சொல்லவில்லை.

எலும்பை வாங்கிப் போக வந்த அன்று அக்கா என் கிளினிக்குக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். அவளை அழைத்து வந்தது என் தோழிதான். அக்கா உட்காரவில்லை.

"டாக்டரம்மா, அவன் கைப்பட எழுதினான்னு போலீஸ்ல சொன்னாவ. அத ஒருக்கா பாக்கலாமா?"

பதிவேட்டைத் திறந்து கொடுத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முன்னெழுத்து, பெயர், ஊர், தாலுகா, தபால் அலுவலகம். தன் போன் நம்பருக்கு வந்ததும் விரல் நின்றது.

"முழுசா எழுதியிருக்கான் பாருங்க" என்றாள். பிறகு, "ரொம்ப வலிச்சுதோ அவனுக்கு?" என்று கேட்டாள்.

தோழி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"வலிச்சுதும்மா. நான் செஞ்ச தப்பால வலிச்சுது. அவன்கிட்ட அத நான் சொல்லல. அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணிட்டுப் பேசாம வெச்சதும் நான்தான்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. அந்தத் தாளைத் தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். போலீசார் நகல் எடுத்திருந்தார்கள். அளவுகோல் வைத்துக் கிழித்துக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்று அவள் சாலையைக் கடப்பதைப் பார்த்தோம். அவள் மறைந்ததும் என் தோழி சொன்னாள்.

"நாலு தடவை வந்தான்டி என்கிட்ட. நாலு தடவையும் வேற எவனோ பேரச் சொல்லித்தான் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தான். உன்கிட்டதான் சொந்தப் பேரச் சொல்லியிருக்கான்."

பொறாமை கலந்த அந்தக் குரல் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடமாக அது என் குரல். அவள் என்னைப் பார்த்து அப்படி ஒரு தடவையாவது பேச வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அவன் என்னிடம் தன் சொந்தப் பெயரைச் சொன்னான். நான் அவனிடம் எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று சொன்னேன்.